புதுப்பிப்பு: சுழல்மேடைக்கு விளிம்பு இயக்கம்தான்

நாடகத்துக்கு 4 மீட்டர் விட்டத்தில் மோட்டார் வைத்த சுழல்தளம் செய்கிறேன், நடுத்தண்டைச் சுழற்றுவதா விளிம்பைத் தள்ளுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். விளிம்புதான். நடுவில் சுழற்றினால் மொத்த முறுக்குவிசையையும் ஒரே தண்டு தாங்க வேண்டும். இப்போது 200 மி.மீ. ரப்பர் சக்கரம் ஒன்று ஸ்பிரிங் அழுத்தத்தில் விளிம்போடு ஒட்டி ஓடுகிறது. சக்கரம் 20 முறை சுற்றினால் தளம் ஒரு முறை சுற்றும், அதனால் 20-க்கு 1 வேகக்குறைப்பு அதிலேயே கிடைத்துவிடுகிறது. நிமிடத்துக்கு ஒரு சுற்று, அதாவது விளிம்பில் விநாடிக்கு 21 செ.மீ. நடிகர்கள் நடந்தபடியே ஏறிவிடுகிறார்கள்.

தளத்தைத் தாங்கும் உருளைகளைத் தரையில் தலைகீழாக, சக்கரம் மேலே இருக்கும்படி பொருத்தியிருக்கிறோம். ஒவ்வொன்றின் அச்சும் மையத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ரப்பர் தேய்ந்து கிரீச்சிடும், வசனம் எடுபடாது. அவசர நிறுத்தப் பொத்தான் இரண்டு பக்கமும் உண்டு. அப்புறம், தளத்தின் மேலுள்ள விளக்குக்கு இப்போதைக்கு பேட்டரிதான். ஸ்லிப் ரிங் (வயர் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் தளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் வளையம்) பிறகு பார்க்கலாம்.