எலிசபெத் தி கோல்டன் ஏஜ் படத்துல காட்டுற கடல் சண்டை உண்மையா?

நேத்து நைட் தான் பார்த்தேன், சேகர் கபூர் 2007ல எடுத்தது, கேட் பிளான்செட் நடிப்பு சான்ஸே இல்ல, மியூசிக்ல கிரெய்க் ஆம்ஸ்ட்ராங் கூட நம்ம ரஹ்மானும் இருக்காரு. ஆனா வால்டர் ராலேங்கிற இங்கிலாந்து கடலோடி எரியுற கப்பல ஓட்டிட்டு போய் ஸ்பெயின் படைய சிதறடிக்கிற மாதிரி வருதே, அப்படி நடந்துச்சா?

பதில்: தீக்கப்பல் விட்டது நிஜம் தாங்க. 1588ல பிரான்ஸ் துறைமுகம் கலே பக்கத்துல ராத்திரி இங்கிலாந்துக்காரங்க 8 கப்பல்ல தீ வச்சு காத்தோட போக்குல விட்டாங்க, ஸ்பெயின்காரங்க பயத்துல நங்கூரக் கயிறையே வெட்டிட்டு ஓடினாங்க. ஆனா ராலே அங்க இல்ல, அவருக்கு கரையோர பாதுகாப்பு வேலை. இங்கிலாந்து கடற்படைக்கு தலைமை ஹோவர்ட், அடுத்தது டிரேக். அவங்கள ஓரங்கட்டினது ரொம்ப அநியாயம்.

பதில்: ராணி எலிசபெத் டில்பரியில தன் படை முன்னாடி பேசுன பேச்சும் சண்டை முடிஞ்ச அப்புறம் தான் நடந்துச்சு, அப்ப ராணிக்கு 54 வயசு. ஸ்பெயினுக்கு பெரிய அழிவு ஊர் திரும்புறப்ப அயர்லாந்து கரையில புயல்ல வந்தது.

பதில்: எனக்கு மதம் விஷயத்துல தான் கோவம். ஸ்பெயின் ராஜா பிலிப்ப கத்தோலிக்க மத வெறியன் மாதிரி மட்டும் காட்டுறாங்க, இங்கிலாந்துலயே கத்தோலிக்க பாதிரியார்கள தூக்குல போட்டு கொன்னத பத்தி யாரு பேசுறது?