புதுப்பிப்பு: நமது தமிழ் நிரல்மொழியின் குறிகள்

கோபிசெட்டிபாளையத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதும் சிறு நிரல்மொழிக்கு எந்தக் குறிகளை வைக்கலாம் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

மாறிக்கு மதிப்பு கொடுக்க := தான். = சமத்துக்கு மட்டும். 1557இல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு அந்த இரட்டைக் கோட்டைக் கொண்டுவந்ததே சமத்தைக் காட்டத்தான். பிள்ளைகள் கணக்கு நோட்டில் எழுதுவதும் அதே பொருளில்தான். அல்கால் 60 என்ற பழைய நிரல்மொழி இப்படித்தான் பிரித்து வைத்தது. சிலர் கேட்ட <- அழகானது, ஆனால் ஆபத்தானது: ஆர் நிரல்மொழியில் அ<-3 என்று இடைவெளியின்றி எழுதினால், ‘அ, மைனஸ் மூன்றைவிடச் சிறியதா’ என்ற கேள்வி காணாமல் போய், அ-வுக்குள் 3 உட்கார்ந்துவிடுகிறது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது வகுத்தல். தமிழ்99 விசைப்பலகை முறையில் / அச்சிட்ட விசையைத் தட்டினால் ழ விழும். சதுர அடைப்பு விசைகளில் ச, ஞ. அரைப்புள்ளி விசையில் ந. ஈரோட்டு மஞ்சள் விற்ற கணக்கை ஒரு மாணவி தட்டினாள். ‘தொகை / மூட்டை’ வரவேண்டிய இடத்தில் திரையில் ‘தொகை ழ மூட்டை’. தாய்மொழியில் தட்டுகிற பிள்ளையை இப்படித் தடுக்கி விழவைக்கும் மொழி எனக்கு வேண்டாம். அதனால் ‘தொகை வகு மூட்டை’ என்றே எழுதலாம். / குறியும் செல்லும். வரி முடிவில் அரைப்புள்ளி கிடையாது.

அடுக்குக்குறி மட்டும் பாக்கி. சி மொழியில் ^ வேறு வேலை செய்வதால், ஃபோர்ட்ரான் நிரல்மொழியின்  ** பக்கமே என் மனம் சாய்கிறது.