சிஸாப் அழித்த வரி: பிபிஎஸ், லின்க்ஸ் காலத்து அனுபவங்கள்

நள்ளிரவு2400:
பிபிஎஸ்னா மோடம் வழியா ஃபோன் போட்டு நுழையுற அறிவிப்புப் பலகை, அதுக்கு மேல விளக்கப்போறதில்ல, தெரிஞ்சவங்கதானே இங்க வர்றீங்க. ஒரே லைன் உள்ள போர்டு. பகல் முழுக்க எங்கேஜ்டு, ராத்திரி ஒரு மணிக்கு மேலதான் சிக்கும். ஆளுக்கு 45 நிமிஷம். அன்னைக்கு ஒருத்தர் மேல இருந்த கோபத்துல நீளமா பதில் அடிச்சிட்டிருந்தேன். பாதியில கர்சர் நின்னுடுச்சு. லைன் போச்சுன்னு நெனச்சா, திரையில நான் அடிக்காத எழுத்து வருது. சிஸாப், அதாவது போர்டை நடத்துறவர்! நான் அடிக்கிறது எல்லாம் அவர் மானிட்டர்ல ஓடிக்கிட்டே இருந்திருக்கு. அதுவரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்ல. "நானும் ஒரு தடவை இப்படித்தான்"னு ஆரம்பிச்சார் (ஆங்கிலத்துலதான், வேற வழி?). நிறுத்தினார். அப்புறம் கடைசி எழுத்துலேர்ந்து ஒவ்வொண்ணா பின்னாடியே அழிச்சுட்டு வந்தார். வெறும் கர்சர் மட்டும் மின்னிக்கிட்டு இருந்தது. பிறகு, "போய்த் தூங்கு." சாட் மூடிடுச்சு.

நான் அந்தப் பதிலை அனுப்பல. சில மாசம் கழிச்சு அந்த நம்பருக்குப் போட்டா ரிங் மட்டும் போகுது, மோடம் எடுக்கல. அவர் அழிச்ச வரியோட மீதி என்னவா இருந்திருக்கும்?

இசட்மோடம்:
2400 வேக மோடத்துல எழுத்து எழுத்தா தெரிய வாய்ப்பில்லையே சார். நொடிக்கு 240 எழுத்து. 80 எழுத்துக்கு 25 வரித் திரை முழுசா நிரம்பவே எட்டு நொடி சொச்சம்தான். நீங்க சொல்றது 300 காலத்துக் கதை, அதுல ஒரு திரைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும்.

என் கதை எக்ஸ்மோடம், கோப்பு அனுப்புற முறை. 128 பைட் வரும், செக்சம்னு ஒரு கூட்டல் சரிபார்ப்பு, சரின்னா அடுத்த 128. ரெண்டு மணி நேரமா இறங்கின கோப்பு, இன்னும் பத்துப் பன்னிரண்டு பிளாக் பாக்கி. பக்கத்து அறையில அம்மா ரிசீவரை எடுத்து "ஹலோ"ன்னாங்க. அம்மா குரலுக்கு செக்சம் எப்படிப் பொருந்தும்? ரிட்ரை 1, 2, 3ன்னு ஏறி 10ல நின்னது. அம்மா ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டே, "என்னடா இது, யாரோ கத்துறாங்க"ன்னு என்கிட்ட நீட்டினாங்க. விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற இசட்மோடம் 1986லயே வந்தாச்சு. எங்க போர்டுக்காரர் மட்டும் போடமாட்டேன்னுட்டார்.

கருப்புத்திரை:
எக்ஸ்மோடமைக் குறை சொல்லாதீங்க. வார்டு கிறிஸ்டென்சன் 1977ல எழுதினது அது. அவரும் ரேண்டி சூஸும்தான் சிகாகோ பனிப்புயல்ல முடங்கிக் கிடந்தப்போ சிபிபிஎஸ்ங்கற முதல் பிபிஎஸ் வேலையை ஆரம்பிச்சு, 1978 பிப்ரவரி 16ல திறந்தாங்க. அவங்க இல்லைன்னா இங்க யாருக்கும் கதையே இல்ல.

நமக்குப் பெரிய அனுபவம் கிடையாது. கோஃபர்ங்கற பழைய எழுத்து மெனு இணையச் சேவையில எண்ணை அழுத்தி அழுத்தி விடிஞ்சுடுச்சு, அவ்வளவுதான்.

ஆனா ஏங்கிட்டு உட்காராம இப்பவே போய்ப் பாருங்க. டெல்நெட்டுல (இணையம் வழியா தூரக் கணினியில நுழையுற பழைய முறை) இன்னும் போர்டுகள் ஓடுது. சாதாரண டெர்மினல் வேண்டாம், போர்டுகளுக்குன்னே உள்ள சிங்க்டெர்ம் நிரலைப் போடுங்க. எழுத்துத் தொகுப்பு பழைய பிசியோட சிபி437 வைங்க, இல்லைன்னா பெட்டிக் கோடெல்லாம் கொம்பு முளைச்ச எழுத்தா வரும், அப்புறம் போர்டு கெட்டுப்போச்சுன்னு இங்க வந்து கேப்பீங்க. டெல்நெட்டுல கடவுச்சொல் அப்படியே மறைக்காமப் போகும், அதனால மின்னஞ்சலுக்கு வச்சிருக்கறதை அங்க வைக்காதீங்க. ஷெல் (கட்டளை தட்டி வேலை பார்க்கிற கணக்கு) வேணும்னா எஸ்டிஎஃப்ங்கற பொது யுனிக்ஸ் சேவை இருக்கு, 1987லேர்ந்து. கோஃபருக்கு போர்ட் 70, நவீன உலாவி திறக்காது, எழுத்து மட்டும் காட்டுற லின்க்ஸ் உலாவி திறக்கும். உள்ள நுழைஞ்சதும் முதல்ல வர்ற அறிவிப்பை எல்லாரும் தாண்டிடறாங்க, படிங்க.

கேட்டுப்படிப்பவன்:
எல்லாரும் "அந்தக் காலம்"ங்கறீங்க. எனக்குப் பார்வை இல்ல. லின்க்ஸும் பேச்சுக் கருவியும்தான் அப்போ எனக்கு இணையம். கீழ் அம்பு அடுத்த இணைப்பு, வலது அம்பு உள்ள, இடது அம்பு வெளிய. நல்லா ஓடிட்டிருந்தது. தினமும் படிக்கிற பக்கம் ஒண்ணு. ஒரு நாள் காலையில திறந்தா, கருவி "லிங்க், லிங்க், லிங்க்"னு பதினாலு தடவை சொல்லிட்டு அமைதியாயிடுச்சு. மெனுவை எல்லாம் படமா மாத்திட்டாங்க, மாற்று உரை ஒண்ணுத்துக்கும் கிடையாது. அது கருவியோட கோளாறுன்னு நெனச்சு மூணு தடவை மறுபடி திறந்தேன். அப்புறம் அஞ்சாவது "லிங்க்"தான் கட்டுரைங்க, ஒன்பதாவது பழையவைன்னு எண்ணி மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். ரெண்டு வாரத்துல வரிசையை மாத்திட்டாங்க.

கருப்புத்திரை, உங்க பெட்டிக் கோடு இருக்கே, அதை என் கருவி ஒவ்வொண்ணா வாசிக்கும். அதையும் அழகுன்னு சொல்லிக்கறாங்க.

கருப்புத்திரை:
இது நான் யோசிச்சதே இல்லைங்க. பல போர்டுல ஆன்சி (வண்ணம், கோட்டுப் படம் காட்டுற முறை) வேண்டாம்னு சொன்னா வெறும் எழுத்தா வரும், அதைப் போட்டுப் பாருங்களேன்.

கேட்டுப்படிப்பவன்:
முப்பது வருஷமா அதைத்தாங்க போட்டுக்கிட்டு இருக்கேன்.

நள்ளிரவு2400:
இசட்மோடம் சார், மோடம் நொடிக்கு 240 எழுத்து அனுப்பும், மனுஷன் விரல் அனுப்புமா? அவர் ரெண்டு விரல்ல அடிக்கிறார்ங்கறதுகூட அந்தத் தட்டுத்தடுமாறல்ல தெரிஞ்சது. "இப்படித்தான்" வரைக்கும் வேகமாத்தான் வந்தார். அழிக்கும்போதுதான் நின்னு நின்னு அழிச்சார்.