கம்ப்யூட்டர் கேமில் பகடை காலை வாரிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

குன்னூர் பார்டு:
பால்டர்ஸ் கேட் 3, அதில் மிகக் கடினமான நிலையான ஹானர் மோட். இரண்டாம் பாகத்தில் வரும் மாலஸ் தோர்ம், அந்தப் பைத்தியக்கார வைத்தியர். பேசிப் பேசியே நர்ஸ்கள் கையால் அவரை முடிக்கலாம், உங்களுக்கே தெரியும். என் ஆள் பேச்சில் புலி, விழும் எண்ணைக் கூட்டும் கைடன்ஸ் மந்திரம் வேறு போட்டாயிற்று. இருபது முகப் பகடை சுற்றிச் சுற்றி நின்றது: 1. அடுத்த நொடி கரண்ட் போய்விட்டது. ஐப்பசி மழையில் எங்கேயோ லைனில் மரம் விழுந்திருக்கிறது. ராத்திரி கரண்ட் வந்து திறந்தால், வைத்தியரிடம் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை! உருட்டினேன், 17. ஹானர் மோடில் பழைய சேவுக்குத் திரும்பக் கூடாது, சரி. நான் திரும்பவில்லையே, மழைதானே கொண்டுபோய் விட்டது? ஆனாலும் கடைசியில் ஹானர் மோடை முடித்ததற்குப் பரிசாகத் தங்கப் பகடை கிடைத்தபோது முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

கூடலூரான்:
யோசிக்க என்ன இருக்கிறது? சேவ் ஸ்கம்மிங்தான், தோற்றதும் பழைய சேவுக்குப் போய் மறுபடி ஆடும் ஏமாற்று. டாஸ்க் மேனேஜரில் கேமைப் பாதியில் மூடுகிறவனுக்கும் இதே பலன்தானே. 1 விழ 5 சதவீத வாய்ப்பு, விழுந்தால் போனஸ் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. தெரிந்துதானே உருட்டினீர்கள்? கேமில் கிடைக்கும் இன்ஸ்பிரேஷன் புள்ளி நாலு வரை சேர்க்கலாம், அதைக் கொடுத்து மறுபடி உருட்டுவதுதான் முறை. எங்கள் பக்கம் ஆடி மாதம் கரண்ட் இருக்கும் நேரமே குறைவு. உங்கள் கணக்குப்படி நான் தோற்கவே முடியாது.

கோத்தகிரி ஸ்னைப்பர்:
எனக்கு எக்ஸ்காம் எனிமி அன்நோன், ஏலியன்களோடு சண்டை போடும் கேம். துப்பாக்கி முனை ஏலியன் மூக்கில் இடிக்கிறது, 95 சதவீதம் என்று காட்டுகிறது. தவறியது. லோட் பண்ணினால் மறுபடியும் தவறியது, அதே திசையில், அதே சுவரில். பகடை வரிசை சேவிலேயே பதிந்திருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வேறொரு வீரனை முதலில் சுடவிட்டால் வரிசை நகரும்.
கூடலூரான், முறை என்றெல்லாம் பேசாதீர்கள். எக்ஸ்காம் 2-ல் சுலப நிலைகளில் காட்டும் சதவீதத்துக்கு மேல் ரகசியமாக நமக்குக் கூட்டிப் போடுகிறார்கள். பால்டர்ஸ் கேட்டிலும் கார்மிக் டைஸ் என்ற அமைப்பு முதலிலேயே ஆனில் இருக்கும், தோல்வி வரிசையாக வராமல் பார்த்துக்கொள்ளும். கம்பெனி செய்தால் வசதி, மழை செய்தால் திருட்டா?

கொடை மூடுபனி:
டிஸ்கோ எலிசியம் கேமில் ஜெயிக்க 97 சதவீத வாய்ப்பு என்று காட்டி இரண்டு கட்டையிலும் 1 விழுந்தது. 36-ல் ஒரு வாய்ப்பு, அது எனக்கு. தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காயே இறங்கும், இங்கே மானம் போகிறது.
பார்டு, முதலில் ஒரு யூபிஎஸ் வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 600 விஏ போதாது, 1000 விஏ பாருங்கள். மானிட்டரையும் அதிலேயே மாட்டுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் சேவ் செய்யத் தடவ வேண்டும். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும், பழசைக் கடையில் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். மோடத்துக்கும் ஒரு இணைப்பு விடுங்கள்.

குன்னூர் பார்டு:
யூபிஎஸ் இருந்திருந்தால் அந்த 1 நின்றிருக்குமே!