பாடம் முடிந்ததும் மாணவர்களின் தன்னம்பிக்கை மதிப்பெண் இறங்குவது ஏன்?

கேள்வி: இயந்திரவியல் மாணவர்களுக்குச் சமூகத் திட்டப் பாடம் எடுக்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு உதவும் கருவி ஒன்றை வடிவமைப்பது இந்தப் பருவத்து வேலை. 'சமூகப் பிரச்சினைகளுக்கு என்னால் தீர்வு காண முடியும்' என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னேன். தொடக்கத்தில் பெரும்பாலும் நான்கும் ஐந்தும்தான். முடிவிலோ சராசரி சரிந்திருக்கிறது. இத்தனைக்கும் கருவிகள் நன்றாகவே வந்திருக்கின்றன. பாடத்தால் பயனில்லை என்கிறார் துறைத்தலைவர். அவருக்கு என்ன சொல்வது?

சாம்பல்பூனை: பயனில்லாத பாடம் இப்படி மதிப்பெண்ணை இறக்காது, ஐயா. நாற்காலியில் இருப்பவரிடம் பேசியே பார்க்காதவன் ஐந்து போடுவதில் என்ன வியப்பு? 'அழகாக இருக்கிறது, ஆனால் என் கை இங்கே எட்டாதே' என்று அவர் சொன்ன பிறகு போடும் மூன்றுக்குத்தான் மதிப்பு. அளக்கும் கோலே இடையில் மாறிவிடுகிறது. ஜார்ஜ் ஹோவர்டு என்ற உளவியலாளர் 1980 வாக்கிலேயே இதை எழுதிவிட்டார். பருவ இறுதியில் 'அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு' என்று இரண்டையும் ஒரே தாளில் கேட்பது அவர் வழி.

உங்கள் வாக்கியமும் சரியில்லை. எந்தச் சமூகம், எந்தப் பிரச்சினை? பொத்தாம்பொதுவாகக் கேட்டால் மாணவன் தன் நல்லெண்ணத்துக்குத்தான் மதிப்பெண் போடுவான். தன்னம்பிக்கையை அளக்கும் கேள்விகளை எப்படி அமைப்பது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 2006இல் எழுதிய வழிகாட்டியைப் பாருங்கள். குறிப்பிட்ட செயலைக் கேட்க வேண்டும். 'செய்வேன்' என்று அல்ல, 'செய்ய முடியும்' என்று. பூஜ்யம் முதல் நூறு வரை. 'பயனர் என் வடிவமைப்பை வேண்டாம் என்றால், காரணத்தைக் கேட்டறிந்து மாற்றியமைக்க என்னால் முடியும்' என்று எழுதிப் பாருங்கள். எல்லோரும் ஒரே எண்ணைப் போடமாட்டார்கள்.

நீலமை: 'அன்று எவ்வளவு' என்று பின்னால் கேட்பதில் ஒரு சிக்கல். அன்று குறைவு, இன்று அதிகம் என்று எழுதினால் ஆசிரியர் மகிழ்வார் என்பது மாணவனுக்குத் தெரியாதா?

சாம்பல்பூனை: நன்றாகவே தெரியும். அதனால் தாளில் பெயர் வேண்டாம், மதிப்பெண் பட்டியல் வெளியான பிறகு கேளுங்கள். அப்போதும் ஒருசிலர் முகத்துதி செய்வார்கள்தான். பயனர்களிடமும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்: இந்தக் குழு நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கியதா? துறைத்தலைவரிடம் நான் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.