லாட் 68, லாட் 73, லாட் 90: பழைய கோன்யாக்குகளை எப்படி ஒப்பிட்டுச் சுவைப்பது?

ஓக்மரம் எழுதியது:

வணக்கம். கோன்யாக்கில், அதாவது பிரான்சின் கோன்யாக் பகுதியில் காய்ச்சும் திராட்சைப் பிராந்தியில், பெரிய கம்பெனிகளின் எக்ஸ்.ஓ. எனப்படும் நன்கு முதிர்ந்த வகையை ஓரளவு குடித்திருக்கிறேன். மற்றவர்களின் பீப்பாய்களை வாங்கித் தங்கள் பெயரில் பாட்டிலில் அடைக்கும் இண்டிபெண்டென்ட் பாட்லர்கள் பக்கம் இப்போதுதான் வருகிறேன். கையில் மூன்று சாம்பிள் குப்பிகள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு பாட்லருடையவை. ஒன்று கிராண்ட் ஷாம்பெயின் லாட் 68, ஆல்கஹால் 46 சதவீதம். அடுத்தது பெட்டிட் ஷாம்பெயின் லாட் 73, 51 சதவீதம். கடைசியாக ஃபான் புவா லாட் 90, 54 சதவீதம். லாட்டுக்கு முன்னால் வருவது திராட்சை விளைந்த பகுதியின் பெயர். மூன்றிலும் சீனி, கேரமல் எதுவும் சேர்க்கவில்லை என்று போட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றி அருகருகே வைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது லாட் 90. பழுத்த ஏப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், நல்ல நீளம். லாட் 68 வாசத்தில் அற்புதமாக இருந்தாலும் வாயில் மெலிந்துபோய், முடிவில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. இருபது வருஷத்துக்கு மேல் மூத்தது தோற்குமா? லாட் 68 என்றால் 1968தானா? அப்படியானால் ஏன் ஆண்டையே எழுதுவதில்லை?

பழைய_பீப்பாய் எழுதியது:

நண்பரே, உங்கள் நாக்கை நம்புங்கள். அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

முதலில் லாட் விஷயம். கோன்யாக்கில் ஆண்டை லேபிளில் போட வேண்டுமென்றால், பீப்பாய் காய்ச்சிய காலத்திலிருந்தே முத்திரையிடப்பட்டுக் கண்காணிப்பில் இருந்திருக்க வேண்டும், காகிதங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு விவசாயக் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து நிலவறை மூலையில் வைத்திருக்கும் பீப்பாய்க்கு அதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. அதனால் பாட்லர் லாட் எண் என்று ஒன்றைப் போட்டுவிடுகிறார், வாங்குகிறவர்கள் புரிந்துகொள்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது வெறும் எண்.

ஆண்டைச் சோதிக்கக் கார்பன் 14 சோதனை இருக்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 எக்கச்சக்கமாக ஏறி, பிறகு படிப்படியாக இறங்கியது. அந்தந்த வருஷத் திராட்சை அந்தந்த வருஷக் காற்றைத்தானே உள்வாங்கும். ஆனால் இந்தச் சோதனை சொல்வது திராட்சையின் வயதை மட்டும். சரக்கு எத்தனை வருஷம் மரத்தில் இருந்தது என்பதை அது சொல்லாது.

நம் விஷயத்துக்கு அந்தக் கணக்குதான் உயிர். கோன்யாக் முதிர்வது மரத்தில் மட்டுமே. போதும் என்று நிலவறைக்காரர் முடிவு செய்த நாளில் அதை தாம்-ழான் எனப்படும் பெரிய கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிவிடுவார். அதோடு வயது நின்றுவிடும். 1968இல் காய்ச்சி 1995இல் குடுவைக்குப் போனதும், 1968இல் காய்ச்சிப் போன வருஷம் வரை மரத்திலேயே கிடந்ததும் ஒரே லேபிளோடு வரலாம். உங்கள் 68இன் துவர்ப்பைப் பார்த்தால் இரண்டாவது வகை என்று தோன்றுகிறது. பாட்லருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, மரத்திலிருந்து எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். அக்கறையுள்ளவர் பதில் சொல்வார். சொல்லாதவரிடம் நான் திரும்ப வாங்குவதில்லை.

அடுத்தது நிலவறை. ஈரமான அறையில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகும், சரக்கு மென்மையாக உருண்டு வரும். உலர்ந்த அறையில் தண்ணீர் அதிகம் போகும், ஆல்கஹால் உயரத்திலேயே நிற்கும், கட்டுமானம் இறுக்கமாக இருக்கும். இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரிய வேண்டுமானால் ஹைன் நிறுவனத்தின் ஜோடிகளைத் தேடிப் பாருங்கள். ஒரே ஆண்டுச் சரக்கை பிரான்சின் ஜார்னாக் நகரில் முதிர்ந்ததாகவும், இளமையிலேயே கப்பலேற்றி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஈர நிலவறையில் முதிர்ந்ததாகவும் தனித்தனியே வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே ஆண்டு, ஒரே நிறுவனம், இரண்டு குணம். கோன்யாக்கில் இதைவிடத் தெளிவான ஒப்பீடு எனக்குத் தெரியாது.

மண்ணையும் மறக்க வேண்டாம். கிராண்ட் ஷாம்பெயினின் சுண்ணாம்பு மண்ணில் விளைந்தது மலர நெடுங்காலம் பிடிக்கும். ஃபான் புவா சீக்கிரம் கனிந்துவிடும். முப்பது வருஷத்தை ஒட்டிய ஃபான் புவா அதன் நல்ல வயதில் இருக்கிறது. அது ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சுவைக்கும் முறைக்கு வருகிறேன். மூன்றையும் ஒரே நாளில் தீர்க்க வேண்டாம். சிறிய துலிப் கிளாஸ் எடுங்கள், பெரிய பலூன் கிளாஸும் கைச்சூடும் ஆல்கஹாலைத்தான் மூக்குக்கு அனுப்பும். ஊற்றிவிட்டு அரை மணி நேரம் சும்மா விடுங்கள். நல்ல பழைய கிராண்ட் ஷாம்பெயின் முதலில் வார்னிஷும் காய்ந்த மரமுமாக மூடிக்கிடக்கும். பத்து நிமிஷத்தில் பாஷன் ஃப்ரூட், பழுத்த மாம்பழம் மெல்ல எட்டிப் பார்க்கும். அதற்கும் பிறகுதான் ரான்சியோ எனப்படும் நீண்ட முதிர்ச்சியின் வாசம்: வால்நட், காளான், ஈர இலை, பழைய தோல். அதற்காகத்தான் இவ்வளவு வருஷம் காத்திருந்தார்கள். அவசரப்பட்டு முதல் ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு எழுதினால் ரான்சியோ வருவதற்குள் கிளாஸ் காலியாகிவிடும்.

குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் மறுநாள் காலை முகர்ந்து பாருங்கள். நல்ல சரக்கு தேன், காய்ந்த பூ, புகையிலை என்று விட்டுப்போயிருக்கும். சீனியும் கேரமலும் புவாஸே எனப்படும் ஓக் சாறும் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. அவை தாராளமாகச் சேர்ந்திருந்தால் டாஃபி வாசமும் ஆறிப்போன டீயின் கசப்பும்தான் மிஞ்சும்.

சாரந்த்_கரை எழுதியது:

பழைய பீப்பாய் அண்ணன் சொன்னதில் எல்லாம் உடன்பாடுதான், ஒன்றைத் தவிர. 46ஐயும் 54ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்தால் கனமானதுதான் எப்போதும் ஜெயிக்கும். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் நியாயம். லாட் 90இல் 20 மில்லிக்குச் சுமார் மூன்றரை மில்லி தண்ணீர், லாட் 73இல் 20 மில்லிக்கு இரண்டு மில்லிக்குச் சற்று மேல். இரண்டும் 46க்கு வந்துவிடும். ஒரே அடியாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக விட்டு, கிளாஸை மூடிச் சில மணி நேரம் வையுங்கள். சட்டென்று தண்ணீர் பட்டால் கலங்கலாம், சோப்பு மாதிரி ஒரு வாசமும் வரும். நிலவறைக்காரர்களே தண்ணீர் சேர்த்து ஆல்கஹாலை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்தான் இறக்குவார்கள்.

பழைய_பீப்பாய் எழுதியது:

தம்பி சொல்வது நியாயமான சோதனைதான், கணக்கும் சரி. ஆனால் அது இரண்டாவது நாள் வேலை. பாட்லர் 54இல் நிறுத்தியிருக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், முதல் வாய் அவர் நினைத்தபடி போகட்டும். லாட் 68இல் மட்டும் தண்ணீர் தொடவே வேண்டாம். காய்ச்சும்போது 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது, தானாகவே 46க்கு இறங்கியிருந்தால் இனி அதைக் கலைக்க எதுவும் இல்லை. ஏற்கெனவே தண்ணீர் சேர்த்துத்தான் இறக்கினார்களா என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஓக்மரம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு பாட்லருக்கு எழுதிவிட்டேன், மூன்றாமவரின் முகவரி தேடுகிறேன். குப்பிகளில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. எவ்வளவு நாள் தாங்கும்?

பழைய_பீப்பாய் எழுதியது:

பாதிக் குப்பி என்றால் உள்ளே காற்று அதிகம். இதைவிடச் சின்னக் குப்பிக்கு, கழுத்துவரை நிரம்பும்படி மாற்றி, வெளிச்சம் படாத இடத்தில் நிற்க வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் மூடியைத் தின்றுவிடும், முழு பாட்டிலுக்கும் இதே விதிதான். சில வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள். முதலில் 68ஐ முடியுங்கள், வாசம் முதலில் மங்குவது அதில்தான்.