சுங்கை சிப்புட்டில் சொந்தமாக சோலார் தொழில்: வேலையை விடலாமா?

லயத்துவீட்டுப் பிள்ளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது முப்பத்தொன்று. பிறந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அம்மா ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டினார். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். இப்போது பட்டணத்தில் மலிவு விலை வீடு ஒன்றில் இருக்கிறோம்.

நான் மின்னியல் படித்து, மூன்று கட்ட மின்சாரத்தில் (three phase) வேலை செய்வதற்கான வயர்மேன் உரிமம் எடுத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஈப்போவில் ஒரு சோலார் நிறுவனத்துக்காகக் கூரை ஏறுகிறேன். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதது ஒன்றுதான்: சோலார் தகட்டைப் பூட்டிவிட்டு இறங்கினால் அந்த வீட்டை நாங்கள் மறந்துவிடுகிறோம். "ஒரு வாரமாகச் சிவப்பு விளக்கு எரிகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று ஒரு சீனப் பாட்டி என் கைப்பேசிக்கே அழைத்தார். போக அனுமதி கேட்டேன். புதிய வேலை முடியட்டும் என்றார்கள். விடுமுறை நாளில் என் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சொந்தமாகத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது. சேமிப்பு 18,000 வெள்ளி (ரிங்கிட்). என் திட்டம், நம் ஊரில் தோட்டத்து மக்களின் வீடுகளில் தவணை முறையில் சோலார் பொருத்துவது. கென்யாவில் எம்-கோபா என்ற நிறுவனம் கைப்பேசி வழியே அன்றாடம் சிறு தொகை வாங்கிக்கொண்டு ஏழை வீடுகளுக்கு சோலார் கொடுத்த கதையைப் படித்ததிலிருந்து இதுவே நினைவாக இருக்கிறது. இரும்புக்கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் 40,000 வெள்ளி போடுகிறேன் என்கிறார், ஆனால் அறுபது விழுக்காடு பங்கு கேட்கிறார். நண்பன் ஒருவனோ சோலாரை விட்டுவிட்டு செம்பனை ஆலைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கலாம் என்கிறான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்தத் திட்டம் நடக்குமா? வேலையை விடலாமா?

பழைய ஆலைக்காரர் எழுதியது:

தம்பி, விடுமுறை நாளில் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனீர்கள் பாருங்கள், உங்கள் தொழில் அதில்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். நான் செம்பனை ஆலையில் 27 ஆண்டுகள் மின்சாதனப் பொறுப்பாளராக, அதாவது சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஊர்ப் பக்கம்தான்.

முதலில் அம்மாவுடன் வேலை செய்தவர்களின் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2025 ஜூன் வரை வீட்டு மின்கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்று 21.8 சென். இரண்டு விசிறி, ஒரு குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம் என்று இருக்கிற வீடு பெரும்பாலும் அந்த இருநூறைச் சுற்றியே நிற்கும். 200 யூனிட்டுக்குப் பில் 43 வெள்ளி 60 சென். அந்த ஜூலையில் கட்டண முறை மாறியபோதும் குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தள்ளுபடி வைத்தார்கள். இப்போது நீங்கள் அந்த அம்மாவிடம் 15,000 வெள்ளிக்கு ஒரு சோலாரைத் தவணையில் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பில்லே இல்லாமல் போனால்கூட அந்தப் பணம் திரும்ப 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தகட்டுக்கு உத்தரவாதமே 25 ஆண்டுதான். இடையில், தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை ஒரு முறையாவது மாற்ற வேண்டும். உங்களை நம்பி அவர் கையெழுத்துப் போடுவார், நம் பிள்ளை என்பதற்காகவே போடுவார். அதனாலேயே அவரிடம் போகக் கூடாது என்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் மாலை ஆறரைக்கு ஜெனரேட்டர் போடுவார்கள். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். சுவரெல்லாம் கரி. தேர்வுக்கு அந்த வெளிச்சத்தில்தான் படித்தேன். அன்றைக்கு யாராவது ஒருவர் சோலார் விளக்கைத் தவணைக்குக் கொண்டு வந்திருந்தால் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே திரண்டு வாங்கியிருக்கும். கென்யக் கதை அந்த மாதிரியான வீடுகளின் கதை. இன்று நம் லயத்திலும் தாமான் குடியிருப்புகளிலும் தெனாகா மின்வாரியத்தின் கம்பி இருக்கிறது. கம்பி இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் ஒரே சரக்கை விற்க முடியாது.

பகலில் மின்சாரத்தைத் தின்கிறவர்கள் யார் என்று ஊரைச் சுற்றிப் பாருங்கள். உறைந்த மீனும் கோழியும் விற்கிற கடை, சலவை நிலையம், பல் மருத்துவர், தச்சுப்பட்டறை, கோழிப்பண்ணை. வெயில் அடிக்கிற நேரமும் இவர்களுக்குத் தேவைப்படுகிற நேரமும் ஒன்று. அவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களிலும் ஏற்கெனவே சோலார் பூட்டியவர்களிடம் முதலில் போங்கள்.

பூட்டியவர்களிடம் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான்கு ஆண்டு ஏறியவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் கோயில் மண்டபக் கூரையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மழை கழுவிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சரிவு குறைந்த கூரையில் மழைநீர் கீழ் விளிம்பில் தேங்கி, காய்ந்து, அங்கே ஒரு விரல் அகலத்துக்குச் சேறு கட்டிப் பாசி பிடித்திருந்தது. தகட்டுக்கு அடியில் மைனாக் கூடு. அணில் கடித்த கம்பி. ஒரு நிறுவனத்தின் இணைப்பானை வேறொரு நிறுவனத்தின் இணைப்பானுக்குள் திணித்திருந்தார்கள், அது சூடேறி உருகத் தொடங்கியிருந்தது. தீப்பிடிப்பது அங்கிருந்துதான். நம் பேராக்கில் பிற்பகல் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டியில் மின்னல் காப்பு எரிந்துபோய்க் கிடந்தது. பூட்டியவர் எங்கே? தொலைபேசி எடுப்பதில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய தோட்டக் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கும். அதில் கால் வைக்காதீர்கள், துளை போடாதீர்கள், எவ்வளவு பணம் கொடுத்தாலும். என்னோடு வேலை செய்த ஒருவர் பழைய கிடங்கின் கூரை உடைந்து விழுந்தார். பிழைத்தார். நடக்கவில்லை. தனியாகத் தொழில் தொடங்கும் நாளிலேயே பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் சுயதொழில் காப்புறுதியை எடுங்கள். 2017 சட்டம் அதற்காகவே வந்தது.

உங்கள் நண்பர் சொல்வது தவறில்லை, ஆனால் அது வேறு அளவு. நூறு டன் பழக்குலை ஆலைக்குள் போனால் எண்ணெய் ஏறத்தாழ 20 டன். பழம் உதிர்த்த வெறுங்குலை 22 டன் அளவில் வெளியே வரும். பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் கொதிகலனில் போட்டு எரித்து, அந்த நீராவியில் டர்பைன் சுற்றி, ஆலை தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 'தூய எரிசக்தி' என்ற சொல் எங்கள் காதில் விழுவதற்கு முன்பே இரவெல்லாம் அந்த டர்பைன் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். வீணானது கழிவுநீர்க் குளம்தான். சாயங்காலம் பார்த்தால் குளம் முழுவதும் குமிழி. அத்தனையும் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதை மூடிப் பிடித்து இயந்திரம் ஓட்ட முடியும், இந்நாட்டில் ஓட்டுகிறார்கள். ஆனால் மூடிய குளம், வாயு சுத்திகரிப்பு, இயந்திரம், மின்வலையோடு இணைப்பு என்று எல்லாம் மில்லியன் கணக்கில் போகும். குளமும் ஆலைக்குச் சொந்தம். பதினெட்டாயிரத்தில் அந்த வாசலுக்குப் போக வேண்டாம். அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கிறது, அது ஆளைக் கொல்லும்.

மாமாவுக்கு அறுபது விழுக்காடு கொடுக்காதீர்கள். உரிமம் உங்களுடையது, கூரை ஏறும் உயிர் உங்களுடையது. அவர் இரும்புக்கடைக்காரர்தானே, கம்பியும் தாங்கு சட்டமும் அறுபது நாள் கடனுக்குக் கொடுக்கட்டும். அந்த உதவிக்குக் காலமெல்லாம் நன்றியோடு இருங்கள்.

மசாலை மில் அக்கா எழுதியது:

தம்பிக்குத் தெலுக் இந்தானிலிருந்து. நான் மிளகாய், மஞ்சள், மல்லி அரைத்துக் கொடுக்கும் மில் நடத்துகிறேன். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை மோட்டார் நிற்காது. ஐயா சொன்ன அந்தப் பகல் வாடிக்கையாளர் நான்தான்.

2022இல் எட்டு கிலோவாட் பூட்டினேன். அப்போது கடைக் கட்டணம் முதல் 200 யூனிட் தாண்டினால் 50.9 சென். மாதத்துக்கு 860 யூனிட் அளவில் வந்தது, 440 வெள்ளி மிச்சமானது. மகளின் கல்லூரிப் பேருந்துக் கட்டணமும் விடுதி வாடகையும் அதில் போயின. பதினான்காம் மாதம் இன்வெர்ட்டர் நின்றது. எனக்குத் தெரியவே இல்லை. அடுத்த பில் வந்தபிறகுதான் கண்டுபிடித்தேன். பூட்டிய நிறுவனத்துக்கு அழைத்தால் எண் பயன்பாட்டில் இல்லை. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து பார்க்க 450 வெள்ளி கேட்டார். மொத்தம் 47 நாள் தகடுகள் வெயிலில் சும்மா கிடந்தன. மிளகாய்த் தூள் காற்றில் பறந்து இன்வெர்ட்டரின் விசிறியை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். துடைத்தார், ஓடியது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கவும், கைப்பேசியில் அன்றாட உற்பத்தியைக் கவனித்துக் குறைந்தால் என்னை அழைக்கவும் ஒருவர் இருந்திருந்தால் ஆண்டுக்கு 600 வெள்ளி மனமாரக் கொடுத்திருப்பேன். இன்றும் கொடுப்பேன். தமிழில் விளக்கிச் சொல்கிறவர் என்றால் இன்னும் மகிழ்ச்சி. அன்றைக்கு என்னிடம் ஒருவர் வரைபடம் காட்டி விளக்கினார், தலையாட்டினேனே தவிர ஒன்றும் புரியவில்லை.

பினாங்குக் கணக்கர் எழுதியது:

ஆலைக்கார ஐயா சொன்ன கம்பிக் கணக்குக்கு ஒரு சான்று. பங்களாதேஷில் 2003 முதல் அரசுத் திட்டத்தின் வழியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு சோலார் சென்றது. உலகமே பாராட்டியது. பிறகு மின்கம்பி கிராமங்களுக்கு வந்தது, விற்பனை சரிந்தது.

இந்தியாவில் ஹரீஷ் ஹண்டே 1995இல் தொடங்கிய செல்கோவிடம் நான் கற்றது வேறு. அவர்கள் தகட்டோடு சேர்த்துப் பராமரிப்பையும், வாங்குகிறவரின் வருமானம் வருகிற நாளுக்கு ஏற்ற கடனையும் கொடுத்தார்கள். உங்கள் திட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது அது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் வணிகப் பெயர்ப் பதிவு ஆண்டுக்கு 60 வெள்ளி. மின்வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் ஒப்பந்ததாரராகப் பதிய வேண்டும். புதிதாகப் பொருத்தி மின்வலையோடு இணைக்கப் போகிறீர்கள் என்றால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைக் கவனிக்கும் அரசு அமைப்பான செடாவின் பதிவும் தேவை. ஆகவே பராமரிப்பில் தொடங்கினால் அதற்கு அவகாசம் கிடைக்கும். கடன் தேவைப்பட்டால் அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குன் நடத்தும் ஸ்பூமி என்ற கடன் திட்டம் நம் இந்தியச் சமூகத்துக்கென்றே உள்ளது. ஆனால் ஆறு மாத வங்கிக் கணக்கறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், பேச்சு எளிதாகும். மிஞ்சும் சோலார் மின்சாரத்தை மின்வலைக்குக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ளும் பழைய நிகர அளவீட்டுத் திட்டம் 2025 ஜூன் 30இல் முடிந்துவிட்டது. பழைய விளம்பரத் தாள்களில் உள்ள மிச்சக் கணக்கை யாருக்கும் காட்டாதீர்கள்.

லயத்துவீட்டுப் பிள்ளை எழுதியது:

ஐயா, அக்கா, கணக்கர் அண்ணன், மூவருக்கும் நன்றி. அந்த 43 வெள்ளி 60 சென் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். "நம் வீட்டுப் பில்லும் அவ்வளவுதானே" என்றார். நான் அதைப் பார்த்ததே இல்லை. நான்கு ஆண்டுகளாகப் பெரிய வீட்டுப் பில்களை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நேற்று வேலை முடிந்து பட்டணத்தை மோட்டார் சைக்கிளில் சுற்றினேன். கடைவீதியிலும் பக்கத்துத் தாமான்களிலும் கூரையில் தகடு தெரிகிற இடம் 23. இறங்கி ஐந்து பேரிடம் பேசினேன். மூவருக்கு உற்பத்தியைக் கைப்பேசியில் பார்க்க முடியும் என்பதே தெரியாது. ஒருவருக்கு இரண்டு தகட்டின் மேல் பக்கத்து மாமரத்தின் நிழல் விழுகிறது, கிளையை வெட்டினாலே போதும்.

மாமாவிடம் சரக்குக் கடனாகக் கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். வேலையை இப்போது விடப்போவதில்லை. சனி, ஞாயிறில் பராமரிப்பு மட்டும் செய்து, ஆண்டு ஒப்பந்தம் பதினைந்து சேர்ந்தபிறகு முடிவெடுக்கிறேன். அக்கா, தெலுக் இந்தான் எனக்குத் தூரம்தான், ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறேன். என் முதல் ஒப்பந்தம் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஐயா, உங்கள் கோயில் மண்டபத்துக் கூரையை இப்போது யாராவது பார்க்கிறார்களா?

பழைய ஆலைக்காரர் எழுதியது:

யாரும் இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள். பத்து மணிக்கு மேல் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. ஏணி என்னிடம் இருக்கிறது. இடுப்பில் கட்டும் பாதுகாப்புக் கயிற்றை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள். கோயில் நிர்வாகத்திடம் கட்டணத்தைப் பேசிவிட்டேன், இலவசமாகச் செய்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள்.